கடகத்தில் கதிரவன்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தோட்டத்துக் கோவில் திடலில் நாம் அமர்ந்திருந்தபோது ஒரு தாய் நம்மிடம் வந்தார். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார். ஒன்று வார இதழிலிருந்து கத்தரித்த ராசிபலன். மற்றொன்று சுவரில் மாட்டும் நாள்காட்டியின் ஆடி மாதத் தாள்.

“ஐயா, இந்தப் பேப்பர்ல ஜூன் 21-ஆம் தேதி சூரியன் கடகத்துக்குள்ள போகுதுன்னு போட்டிருக்கு. நம்ம காலண்டர்ல ஆடி மாசம் ஒண்ணாந்தேதிதான் போகுதுன்னு இருக்கு. நடுவில கிட்டத்தட்ட ஒரு மாசம் இருக்கு. எதுங்கய்யா சரி?” என்று கேட்டார்.

இது பள்ளிக்கூடத்துக் கேள்வியாயிற்றே என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டபோது அந்த மகிழ்ச்சி நிற்கவில்லை. அவருடைய மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெண்ணைப் பிடித்துப் போயிற்று, பேச்சும் முடிந்தது. பிறகு சாதகத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், “பெண் கடக ராசி, ஆயில்ய நட்சத்திரம், ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது” என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். அது இரண்டாவது முறை.

“சூரியன் எந்த நாள் எந்த ராசிக்குள்ள போகுதுன்னு சொல்றதுக்கே ரெண்டு கணக்கு இருக்கு. அப்போ எம் மகளோட கணக்கு மட்டும் எப்படிங்கய்யா தப்பாம இருக்கும்?”

எழுதப் படிக்க ஓரளவே தெரிந்த ஒரு தாய் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று நாம் சொன்ன மறுமொழியையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஜூன் 21-ஆம் தேதி என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாம் வாழும் பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு கதிரவனையும் சுற்றி வருகிறது. அது நிமிர்ந்து நின்று சுற்றவில்லை. தலை சாய்ந்த பம்பரம்போல ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்து சுற்றுகிறது. இந்தச் சாய்வினால் ஆண்டின் ஒரு பாதியில் பூமியின் வடபாதி கதிரவனை நோக்கியும், மறு பாதியில் தென்பாதி கதிரவனை நோக்கியும் இருக்கின்றன. வடபாதி மிக அதிகமாகக் கதிரவனை நோக்கிச் சாய்ந்திருக்கும் நாள் பெரும்பாலும் ஜூன் 21. அன்று வட நாடுகளில் ஆண்டின் மிக நீண்ட பகல். கதிரவன் பூமிக்கு அருகில் வருவதால்தான் அங்கே கோடை வருகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியன்று. ஜூலை மாதத் தொடக்கத்தில்தான் பூமி கதிரவனிடமிருந்து மிகத் தொலைவில், சுமார் 15 கோடியே 20 இலட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோடைக்குக் காரணம் தொலைவு அன்று; சாய்வுதான்.

இதை நம் வீட்டு வாசலிலிருந்தே அறியலாம். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் கதிரவன் எழும் இடத்தைக் கவனித்திருப்பீர்கள். ஜனவரி மாதத்தில் கிழக்குக்குத் தெற்கே தள்ளி எழும் கதிரவன், நாளாக நாளாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே வரும். கோவில் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் இது நன்றாகத் தெரியும். ஜூன் 21-ஆம் நாளை ஒட்டிச் சில தினங்கள் அது ஒரே இடத்தில் நின்றாற்போலத் தோன்றும். பிறகு தெற்கு நோக்கித் திரும்பும். இந்தத் திருப்பத்தைத்தான் நம் முன்னோர் அயனம் என்றார்கள். தெற்கு நோக்கிய பயணம் தட்சிணாயனம். வடக்கு நோக்கிய பயணம் உத்தராயணம்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்கிறோம். சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியை வெயில் படும் சமதரையில் நேராக நடுங்கள். பகல் ஒரு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் அதன் நிழல் மிகக் குறுகும். அந்த நேரத்தில் நிழலை அளந்து எழுதி வையுங்கள். உச்சிப் பொழுது பன்னிரண்டு மணிக்கு அல்லவா என்று கேட்கலாம். நம் கடிகாரம் கதிரவனைவிட முந்தி ஓடுகிறது. 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதற்குப் பிறகு கோலாலம்பூர் வட்டாரத்தில் உச்சிப் பொழுது ஏறத்தாழ ஒன்றே கால் மணிக்குத்தான் வருகிறது.

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஜூன் 21-ஆம் தேதி அந்தக் குச்சியின் நிழல் தெற்குப் பக்கமாக சுமார் 37 சென்டிமீட்டர் விழும். டிசம்பர் 22-இல் வடக்குப் பக்கமாக சுமார் 50 சென்டிமீட்டர் விழும். மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் மாத நடுவிலும் கதிரவன் நேரே தலைக்கு மேல் வருவதால் நிழல் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மரத்தடியில் நிற்கிற மனிதனுடைய நிழல் அவன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும் நாட்கள் அவை.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகலின் நீளம் இங்கே அதிகம் மாறுவதில்லை. நம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 20 நிமிட வேறுபாடுதான். சென்னையில் அந்த வேறுபாடு ஒன்றரை மணி நேரம். இலண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது; டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஆகவே ஐரோப்பிய மக்களுக்கு ஜூன் 21 ஒரு பெருநாளாக இருந்ததில் வியப்பில்லை.

அன்று கதிரவன் தலைக்கு நேராக நிற்கும் இடங்களை இணைத்து உலகப் படத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்குக் கடக ரேகை என்று பெயர். இந்தியாவில் குஜராத்திலிருந்து மிசோரம் வரை பல மாநிலங்களை அது கடந்து செல்கிறது. பழங்காலத்தில் வானநூலுக்குப் பேர்போன உஜ்ஜயினி நகரம் அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கேதான் இருக்கிறது. எகிப்து நாட்டில் சையீன் என்ற ஊர் ஏறத்தாழ அதே கோட்டில் இருந்தது. ஆண்டின் மிக நீண்ட பகலில் அவ்வூர்க் கிணற்றின் அடிவரை வெயில் படும் என்று கேள்விப்பட்ட எரத்தோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர், அதே நாளில் வடக்கே இருந்த அலெக்சாந்திரியா நகரில் நிழலை அளந்தார். அது ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்குச் சாய்வைக் காட்டியது. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு என்று அவர் கணக்கிட்டார். இது நடந்தது இயேசு பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால். ஒரு கிணறும் ஒரு கோலும் பூமியை அளக்கப் போதுமானவையாக இருந்தன.

சரி, அந்தக் கோட்டுக்கு ஏன் நண்டின் பெயரை வைத்தார்கள்? கடகம் என்றால் நண்டு. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கதிரவன் தெற்கே திரும்பும் நாளில் அது நண்டு உருவமாகக் கற்பனை செய்யப்பட்ட விண்மீன் கூட்டத்தின் பக்கம் நின்றது. முன்னே போன கதிரவன் திரும்பி நடப்பதை நண்டின் நடையோடு ஒப்பிட்டார்கள் என்று விளக்கம் சொல்வோரும் உண்டு. பன்னிரண்டு ராசிகள் என்னும் பகுப்பு பாபிலோனியாவில் உருவாகி, கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்து, நம்மிடம் முன்பே இருந்த இருபத்தேழு நட்சத்திர முறையோடு சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர்.

இங்கேதான் அந்தத் தாயின் கேள்விக்கு விடை இருக்கிறது. பிள்ளைகள் பம்பரம் விடும்போது கவனியுங்கள். பம்பரம் வேகமாகச் சுழல்கிறபோதே அதன் தலை மெல்ல ஒரு வட்டம் போடும். பூமியின் தலையும் அப்படியே வட்டம் போடுகிறது. ஆனால் ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகின்றன. இதனால் கதிரவன் திரும்பும் இடம் விண்மீன்களுக்கு நடுவே 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்கிக்கொண்டே போகிறது. ஒரு மனிதனின் ஆயுளில் ஒரு பாகைதான். ஆனால் நூற்றாண்டுகள் சேரும்போது அது பெரிய தூரமாகி விடுகிறது.

ஐரோப்பிய சோதிடர்கள் கதிரவன் திரும்பும் நாளையே கடகத்தின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஜூன் 21. விண்மீன்கள் எங்கே நகர்ந்தாலும் அவர்கள் கவலைப்படுவதில்லை. நம் பஞ்சாங்கக்காரர்கள் விண்மீன்களைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு விண்மீன் கணக்குப்படி கடகம் தொடங்கும் இடத்துக்குக் கதிரவன் வந்து சேருவது ஜூலை 16 அல்லது 17. அதுவே ஆடி முதல் நாள். ஜூன் 21-ஆம் தேதி நம் கணக்கில் ஆனி மாதம் ஏழாம் நாள் அளவில் வரும். கதிரவன் அப்போது மிதுனத்தில்தான் இருக்கிறது. இரண்டு கணக்குக்கும் இடையில் இன்று உள்ள வேறுபாடு ஏறத்தாழ 24 பாகை. இந்த வேறுபாட்டுக்கு அயனாம்சம் என்று பெயர். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்போது ஆடி பிறக்கும் நாளும் கதிரவன் திரும்பும் நாளும் ஒன்றாகவே வந்தன. இன்று ஆடி முதல் நாளைத் தட்சிணாயனத் தொடக்கம் என்று நாம் வழக்கமாகச் சொன்னாலும், கதிரவன் அதற்குச் சுமார் 25 நாட்கள் முன்பே திரும்பி விடுகிறது.

ஆகவே இதழும் பொய் சொல்லவில்லை. நாள்காட்டியும் பொய் சொல்லவில்லை. ஒன்று பருவத்தை வைத்து அளக்கிறது. மற்றொன்று விண்மீனை வைத்து அளக்கிறது. ஒரே துணியை முழத்தாலும் மீட்டராலும் அளப்பதைப் போன்றது இது.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் இந்தியச் சோதிட அறிஞர்களில் தலைசிறந்தவர். அவர் தம்முடைய பிருகத் சம்ஹிதை என்ற நூலில், முற்காலத்தில் கதிரவன் ஆயில்ய நட்சத்திரத்தின் நடுவில் இருக்கும்போது தெற்கே திரும்பியதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன, இப்போது கடகத்தின் தொடக்கத்திலேயே திரும்புகிறது என்று எழுதினார். ஐயம் இருந்தால் கோல் நட்டு, வட்டம் வரைந்து, நிழல் வந்து போகும் இடத்தைக் குறித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றும் வழி காட்டினார். நாம் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே கோல் சோதனைதான். பழைய நூல் சொன்னதற்கும் கண் கண்டதற்கும் வேறுபாடு வந்தபோது, கண்டதை எழுத அந்தப் பெரியவர் தயங்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இன்று கல்யாணச் சந்தையில் தள்ளி வைக்கப்படும் ஆயில்யம், ஒரு காலத்தில் கதிரவனின் திருப்பத்துக்கே அடையாளமாக நின்ற நட்சத்திரம்.

இனி, கடகத்துக்குச் சோதிடர்கள் என்ன பொருள் சொல்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்வோம். கடகத்துக்கு அதிபதி சந்திரன். அது நீர் ராசி. குரு அங்கே உச்சம் பெறுகிறார். செவ்வாய் நீசம் அடைகிறார். புனர்பூசத்தின் நான்காம் பாதமும், பூசமும், ஆயில்யமும் அதில் அடங்கும். சந்திரன் தாயைக் குறிப்பதால் கடக ராசிக்காரர்கள் வீட்டுப் பற்றும் தாய்ப் பாசமும் மிக்கவர்கள் என்பார்கள். ஐரோப்பிய சோதிடமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. மேலே கடினமான ஓடு, உள்ளே மென்மையான உடல், பிடித்தால் விடாத கொடுக்கு என்று நண்டை வைத்தே குணத்தை விளக்குகிறார்கள்.

ஆனால் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய முறையில் ஒருவருடைய ராசி என்பது அவர் பிறந்தபோது கதிரவன் நின்ற ராசி. ஆகவே ஜூன் 21 முதல் ஜூலை 22 வரை பிறந்த எல்லோரும் அவர்களுக்குக் கடகம். நம் முறையில் ராசி என்பது பிறந்தபோது சந்திரன் நின்ற ராசி. சந்திரன் ஒரு ராசியில் இரண்டே கால் நாள்தான் தங்கும். ஆகவே ஆடி மாதத்தில் பிறந்த பிள்ளை பன்னிரண்டில் எந்த ராசியாகவும் இருக்கலாம். பிறந்த தேதியை மட்டும் வைத்து வார இதழில் பலன் பார்த்து, ‘என் ராசிக்கு இப்படிப் போட்டிருக்கிறதே’ என்று மனம் உடைகிறவர்கள், அந்த இதழ் எந்தக் கணக்கைச் சொல்கிறது என்றாவது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாயின் மகளையே எடுத்துக்கொள்வோம். அவள் பிறந்தபோது சந்திரன் நம் கணக்கில் கடக ராசியில், ஆயில்யத்தில் இருந்தது. அதே சந்திரனை ஐரோப்பிய சோதிடரிடம் காட்டினால் 24 பாகை கூட்டிச் சிம்மத்தில் இருக்கிறது என்பார். பெண் ஒருத்தி, நிலவும் ஒன்று. ஒருவர் கணக்கில் நண்டு, மற்றவர் கணக்கில் சிங்கம். இதில் அவளுடைய மாமியாரின் ஆயுள் எங்கே எழுதியிருக்கிறது?

கடகத்தை வானத்தில் பார்க்க வேண்டுமானால் ஆடி மாதத்தில் முடியாது. கதிரவனே அங்கே நிற்பதால் வெளிச்சத்தில் மறைந்துவிடும். தைப்பூச இரவில் பாருங்கள். தை மாதத்தில் கதிரவன் மகரத்தில் இருக்கும். அதற்கு நேர் எதிரே கடகத்தில் முழுநிலவு வரும். பூச நட்சத்திரமும் முழுநிலவும் கூடுவதுதான் தைப்பூசம். பத்துமலையில் நாம் காவடி எடுக்கும் இரவில் தலைக்கு மேல் நிற்கும் நிலவு கடக ராசியில்தான் நிற்கிறது. நிலவில்லாத மார்ச் மாத முன்னிரவில் அதே இடத்தைப் பார்த்தால் வெள்ளை மெழுகு பூசினாற்போல மங்கலான ஒரு திட்டு தெரியும். 1610-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் கலிலியோ அதைப் பற்றி எழுதினார். வெறுங்கண்ணுக்குப் புகைபோலத் தெரிந்த அந்தத் திட்டில் தொலைநோக்கி வழியே சுமார் நாற்பது விண்மீன்களை அவர் கண்டார். இன்று அதில் சுமார் ஆயிரம் விண்மீன்கள் இருப்பதாகக் கணக்கு. அங்கிருந்து ஒளி நம்மிடம் வந்து சேர ஏறத்தாழ 600 ஆண்டுகள் ஆகின்றன. ஆயில்யமோ அதற்குச் சற்றுத் தெற்கே, பாம்பின் தலைபோல வளைந்து நிற்கும் சிறு விண்மீன் கூட்டம். அந்த விண்மீன்களும் ஒவ்வொன்றும் நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கின்றன. ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது அந்தப் பெண்ணும் பிறக்கவில்லை; அவளுடைய மாமியாரும் பிறக்கவில்லை.

ஆடி மாதத்தில் கல்யாணம் கூடாது என்பதையும் இத்துடன் சேர்த்துச் சிந்திப்போம். ஜூன் மாதத்தில் கதிரவன் வடக்கே நின்று இந்திய நிலப்பரப்பைச் சுடவைக்கிறது. சூடான காற்று மேலே எழ, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே புகுந்து தென்மேற்குப் பருவமழையாகப் பெய்கிறது. குடகு மலையில் பெய்த மழை காவிரியில் பெருகி வருகிற காலம் ஆடி. ஆடிப் பட்டம் தேடி விதை என்றார்கள். கையிலுள்ள காசும் வீட்டிலுள்ள ஆள்பலமும் விதைப்புக்கு வேண்டிய நேரத்தில் யார் கல்யாணம் செய்வார்கள்? ஆடியில் கருத்தரித்தால் சித்திரைக் கடும் வெயிலில் பிள்ளைப்பேறு வரும் என்ற கவலையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஊருக்கு, அந்தக் காலத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு.

நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது ஆடியையும் கையோடு கொண்டுவந்தார்கள். காவிரியைக் கொண்டுவர முடியவில்லை. இங்கே ரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்க்கும். செம்பனை ஆண்டு முழுவதும் குலை தள்ளும். சித்திரை வெயிலும் ஆடி வெயிலும் இங்கே கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே இங்கே ஆடியில் திருமணம் செய்யாதிருப்பது பழக்கத்துக்கு நாம் காட்டும் மரியாதை. அதை மீறினால் கேடு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும், ஊர்கூடித் தீமிதித் திருவிழா எடுப்பதும் நம்மை ஒன்று சேர்க்கின்றன. அவற்றை மகிழ்ச்சியோடு செய்வோம். ஆடியில் பிறந்த பிள்ளையை மட்டும் ஆகாத பிள்ளை என்று ஒருநாளும் சொல்ல வேண்டாம். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது ஆயில்யத்துக்கு வருவோம். நட்சத்திரங்கள் இருபத்தேழு. ஆகவே ஏறத்தாழ இருபத்தேழு பெண்களில் ஒருத்தி ஆயில்யத்தில் பிறந்தவளாக இருப்பாள். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது என்று நான்கையும் ஒதுக்கினால் நூறு பெண்களில் ஏறத்தாழ பதினைந்து பேரை ஒதுக்கியதாகும். நம் பெண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற வேண்டுமா? சோதிடர்களிலேயே பலர், இந்தச் சொல் எல்லாப் பாதத்துக்கும் எல்லாச் சாதகத்துக்கும் பொருந்தாது என்கிறார்கள். ஆயில்ய மருமகள் வந்த வீட்டில் மாமியார் காலமானால் ஊர் முழுவதும் பேசும். ரோகிணி மருமகள் வந்த வீட்டில் மாமியார் காலமானால் யாரும் நட்சத்திரம் கேட்பதில்லை. ஆயில்ய மருமகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்த மாமியாரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கணக்கிலும் ஒரு குறை நேர்வதுண்டு. பஞ்சாங்கங்கள் பெரும்பாலும் இந்திய நேரத்தில் கணிக்கப்பட்டவை. நம் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. 1981 முடியும் வரை இரண்டு மணி முந்தியதாக இருந்தது. இங்கே காலை ஆறு மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு, இந்தியப் பஞ்சாங்கத்தில் அதிகாலை மூன்றரை மணியைத்தான் பார்க்க வேண்டும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் சுமார் ஒரு நாள் தங்குகிறது. ஆகவே இந்த இரண்டரை மணியைக் கழிக்க மறந்தால், ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு நட்சத்திரமே தவறாகிவிடும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இடையிலும் நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடுவதுண்டு. சாதகம் எழுதுகிறவரிடம் “எந்த நேரத்தைக் கொண்டு எழுதினீர்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

இதைச் சொன்னபோது அந்தத் தாய் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஒருத்தர் எங்கிட்ட, பணம் குடுத்தா நட்சத்திரத்தைப் பூசம்னு மாத்தி எழுதித் தரேன்னு சொன்னாருங்கய்யா. நான் வேண்டாம்னுட்டேன். எம் மக பொய்ச் சாதகத்தோட ஒரு வீட்டுக்குள்ள போகக் கூடாது” என்றார்.

நாம் அன்று அவருக்குக் கற்பித்ததைவிட, அவரிடம் கற்றுக்கொண்டதே அதிகம் என்று எண்ணுகிறோம்.

முதலில் வந்த அந்த மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, மற்றொரு தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாய் மறைக்காமல் ஆயில்யம் என்று சொன்னார். பையனின் அம்மா சிரித்துவிட்டு, “என் ஆயுசு எம்புட்டுன்னு என்னைப் படைச்சவனுக்குத் தெரியும். வரப்போற பொண்ணு தலையில அதை ஏன் தூக்கி வைக்கணும்?” என்றாராம். ஆவணி மாதத்தில் திருமணம் நடந்தது. அந்த மாமியாருக்கு இப்போது இனிப்புநீர் வியாதி. மாதந்தோறும் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதும், மருந்தை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பதும் அந்த ஆயில்ய மருமகள்தான்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஆயில்யம் மாமியாருக்கு நல்லது என்று புதிதாக ஒன்றை யாரும் கட்டிவிட வேண்டாம். நாளை அந்த அம்மாவுக்கு ஏதேனும் நேர்ந்தாலும் அதற்கு நட்சத்திரம் பொறுப்பாகாது. அவர் நலமாக இருப்பதற்கும் நட்சத்திரம் காரணமன்று. மருந்தும், பத்தியமும், மருமகளின் அன்பும்தான் காரணம்.

நேயர்களே, வரும் ஜூன் 21-ஆம் தேதி உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கோலை நடுங்கள். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு நிழலை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். டிசம்பரில் மறுபடி அளந்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கதிரவன் திரும்புவதைத் தன் கையால் அளந்து கண்ட பிள்ளை, பிறகு யார் எதைச் சொன்னாலும், “அது எப்படித் தெரியும்?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நாம் கோபப்படாமல் விடை சொல்லப் பழகுவோம்.